ஓவியர் தட்டில் காரீயம்

நெதர்லாந்தின் ஹேக் நகரில், மௌரித்ஷௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியம். கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கே முத்தே இல்லை. மேலே தடித்த ஒரு வெள்ளைப் புள்ளி, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டையின் வெளிச்சத்தைக் காட்டும் மங்கலான ஒரு தீற்று, அவ்வளவுதான். தோட்டை மாட்டக் கொக்கிகூட வரையவில்லை. யொஹானஸ் வெர்மீர் 1665 வாக்கில் வைத்த அந்த வெள்ளையின் பெயர் ஈய வெள்ளை. ஈயம் என்றால் இங்கே காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் வெள்ளீயம் வேறு உலோகம்.

வெர்மீருக்கு வேறு வழியும் இல்லை. சுண்ணாம்புப் பொடியை எண்ணெயில் குழைத்தால் வெண்மை மங்கி, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். துத்தநாக வெள்ளை 19ஆம் நூற்றாண்டிலும் டைட்டானியம் வெள்ளை 1920 வாக்கிலும்தான் கடைக்கு வந்தன. அதுவரை ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் வெள்ளை என்றால் காரீயம்தான். ஆளிவிதை எண்ணெயோடு வினைபுரிந்து சீக்கிரம் காயும். காய்ந்த பிறகும் எளிதில் வெடிக்காது. அடர்ந்த மஞ்சளுக்குக் காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்த பொடி, ஆரஞ்சு கலந்த சிவப்புக்குச் செவ்வீயம். வான்கோவின் சூரியகாந்திப் பூக்களில் இருக்கும் குரோம் மஞ்சளும் காரீயக் குரோமேட்தான்.

குதிரை லத்தியில் விளைந்த வெள்ளை

இதைச் செய்த விதத்தைக் கேட்டால் இன்று முகம் சுளிப்போம். மண்பானையின் அடியில் கொஞ்சம் வினிகர். அதற்கு மேலே, வினிகரில் படாமல், சுருட்டிய காரீயத் தகடு. இப்படி நூற்றுக்கணக்கான பானைகளைக் கொட்டகையில் அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே குதிரை லத்தியைக் கொட்டி மூடிவிடுவார்கள். லத்தி புளித்துச் சூடாகும். கரியமில வாயு கிளம்பும். வினிகர் ஆவி காரீயத்தை அரிக்க, அந்த வாயு அதை வெள்ளைப் பொருக்காக மாற்றும். சுமார் மூன்று மாதத்தில் பானையைத் திறந்தால் தகடு முழுக்க வெள்ளை பூத்திருக்கும்.

பொருக்கைத் தட்டி உதிர்ப்பது, அரைப்பது, உலர்த்துவது, பீப்பாயில் அடைப்பது எல்லாமே தூசி பறக்கும் வேலை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இதில் பெருமளவு ஈடுபட்டவர்கள் ஏழைப் பெண்கள். 1860களின் கடைசியில் சார்லஸ் டிக்கன்ஸ் லண்டனின் காரீய ஆலைகளைப் போய்ப் பார்த்து எழுதினார். வலிப்பு, கண்பார்வை இழப்பு, கருச்சிதைவு என்று அந்தப் பெண்கள் சீரழிந்த பிறகு, 1898இல்தான் ஆலையின் ஆபத்தான வேலைகளிலிருந்து அவர்களை விலக்கினார்கள். ஓவிய வரலாற்றுப் புத்தகங்களில் இவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

பிரபலமானவர்களின் நோய்

புத்தகங்களில் கிடைப்பது கரவாஜ்ஜோவும் கோயாவும்தான். 1610இல் இறந்த கரவாஜ்ஜோவின் எலும்பு என்று நம்பப்படுவதில் காரீயம் மிகுந்திருப்பதாக 2010இல் செய்தி வந்தது. ‘வண்ணம் கொன்ற ஓவியர்’ என்று தலைப்புப் போட யாருக்குத்தான் ஆசை வராது? 2018இல் பல்லின் உட்பகுதியை ஆராய்ந்தவர்கள், கிருமித் தொற்று இரத்தத்தில் பரவியதே சாவுக்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். கோயா 1792இல் நோயில் விழுந்து காது கேளாமல் போனதற்கும் காரீயத்தைச் சொல்கிறார்கள், நிரூபணம் இல்லை.

சந்தேகமில்லாத ஆள் பிரேசில் ஓவியர் காண்டிடோ போர்ட்டினாரி. நியூயார்க் ஐ.நா. தலைமையகத்துக்காக ‘போர்’, ‘அமைதி’ என்ற இரு பிரம்மாண்டப் படங்களை 1952 முதல் 1956 வரை வரைந்தவர். நடுவிலேயே, 1954இல், காரீய நஞ்சு ஏறியிருப்பதை டாக்டர்கள் கண்டுபிடித்து எண்ணெய் வண்ணத்தைத் தொடாதே என்றார்கள். தொட்டார். 1962 பிப்ரவரியில், 58 வயதில், அதே நஞ்சால் இறந்தார்.

எச்சரிக்கை அதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. தொழில்சார் நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தனக்குத் தெரிந்த ஓவியர்கள் பெரும்பாலும் நோயாளிகள் என்றும், கையாளும் வண்ணங்களே காரணம் என்றும் சொன்னார். 1921இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்தியது. ஆனால் கலை ஓவியத்துக்கு இது பொருந்தாது என்று அந்த உடன்படிக்கையிலேயே எழுதிவைத்தார்கள். சுவருக்குப் பெயின்ட் அடித்தவருக்குக் கிடைத்த காவல் ஓவியருக்குக் கிடைக்கவில்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது

காய்ந்த ஓவியத்தைப் பார்ப்பதாலோ பக்கத்தில் நிற்பதாலோ ஒன்றும் ஆகாது. நல்ல தோல் வழியாகவும் இந்த வண்ணங்கள் அதிகம் இறங்குவதில்லை. மூச்சும் வாயும்தான் வாசல்கள். ஈய வெள்ளை வயிற்று அமிலத்தில் கரையும்; தூசியாக நுரையீரலுக்குப் போனால் இன்னும் சுலபமாக இரத்தத்தில் சேரும். உடல் அதைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது, பல ஆண்டுகளுக்கு. கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது காரீயமும் கூடவே இறங்கிக் குழந்தைக்குப் போகும்.

பெரியவர்களுக்கு முதலில் வருவது சாதாரண உபாதைகள்: மலச்சிக்கல், வயிற்றைப் பிசையும் வலி, அசதி, தலைவலி, எரிச்சல். பிறகு இரத்தசோகை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு. முற்றிய நிலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். தூரிகை பிடிக்கிறவருக்கு இதைவிடக் கொடுமை உண்டா? சிறு குழந்தைகளின் குடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்சும். அவர்களுக்குப் பாதிப்பு மூளையில். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்று வரைபவர்கள் பார்க்க வேண்டியது

பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் முனையைக் கண்டு பயப்பட வேண்டாம், அது கிராஃபைட். வீட்டுப் பெயின்டிலும் அலங்காரப் பெயின்டிலும் காரீயம் பத்து லட்சம் பங்கில் 90க்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி இருக்கிறது. 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய கதவு, ஜன்னல் கம்பிகளை உப்புத்தாளால் தேய்க்கும்போது கிளம்பும் தூசிதான் ஆபத்து. நனைத்துத் தேய்க்க வேண்டும். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடக் கூடாது.

ஓவியர்களுக்கான ஈய வெள்ளை இன்னும் சில நாடுகளில் விற்பனையில் இருக்கிறது. டியூபின் பெயரைவிட அதன் மேல் பொடி எழுத்தில் இருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். பி.டபிள்யூ. 1 என்றால் ஈய வெள்ளை, பி.ஒய். 34 குரோம் மஞ்சள், பி.ஆர். 105 செவ்வீயம். பி.டபிள்யூ. 6 டைட்டானியம் வெள்ளை. பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும்.

பழைய முறையில்தான் வரைவேன் என்கிறவர்கள் பொடியை வாங்கிக் கல்வத்தில் அரைக்காமல், எண்ணெயில் குழைத்த டியூபையே வாங்கட்டும். நுனியைக் கூராக்கத் தூரிகையை உதட்டில் வைக்கும் பழக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் உண்டு; அதை இன்றே விடவேண்டும். வரையும் மேசையில் டீ டம்ளர் வேண்டாம். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கையால் சாப்பிடுகிற நாம் நக இடுக்குவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கலாம். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு மிகவும் ஏறினால்தான் உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து. டாக்டரிடம் போகும்போது எந்த வண்ணம், எத்தனை வருடமாக என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வயிற்றுவலி என்று வந்தவரிடம், “படம் வரைவீங்களா?” என்று அவர் தானாகக் கேட்பது அபூர்வம்.