வீட்டுத் தொழிலா? விரித்த வலையா?

குடும்பச் சுமையில் தாமும் பங்கேற்க வேண்டும் என்று விரும்பும் பெண்கள் நம் சமுதாயத்தில் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. தாவூது நபி (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியுள்ளார்கள். ஆயினும் இந்த நல்லெண்ணத்தையே மூலதனமாக்கி, பெண்களின் நகையையும் சிறுசேமிப்பையும் கவர்ந்து செல்லும் கூட்டமும் உண்டு. எது தொழில், எது வலை என்று பிரித்தறிவது எப்படி?

பணம் எத்திசையில் செல்கிறது?

பத்தமடைப் பாயை எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலி மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், நம் சமுதாயப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருகிறார்கள். மணமக்களின் பெயர் பொறித்த பாய்கள் திருமண வீடுகளுக்குச் செல்கின்றன. பாயை வாங்குபவர் பணம் தருகிறார்; நெய்தவர் பெறுகிறார். கோரைக்கும் சாயத்துக்கும் செலவு உண்டு. ஆனால், நெய்பவராகச் சேர்வதற்கென்று எவரும் கட்டணம் கேட்பதில்லை.

மோசடியில் இத்திசை தலைகீழாகிவிடும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புத்தொகை என ஏதேனும் ஒரு பெயரில், வேலை தேடி வந்தவரே பணம் கட்ட நேரும். பிறகு, "நான்கு பேரைச் சேர்த்துவிடுங்கள்" என்பார்கள். பொருளை விற்று வருவதன்றி, ஆளைச் சேர்த்து வரும் வருமானம் தொழிலாகாது. இத்தகைய பணச்சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்துள்ளது.

பொருளை வாங்குபவர் யார்?

ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் பரவிய ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்களை மறந்திருக்க மாட்டீர்கள். இலட்சக்கணக்கில் பணம் பெற்றுக்கொண்டு குஞ்சுகளைத் தந்தார்கள். மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருவதாகவும், பறவைகளைத் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் கூறினார்கள். ஆனால் ஈமு இறைச்சிக்குப் போதிய சந்தையே இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களின் பணமே பழையவர்களுக்குச் சென்றது. 2012ஆம் ஆண்டில் அனைத்தும் சரிந்தன. ஆகவே, "நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்போரிடம், "அதன்பின் உங்களிடம் வாங்குபவர் யார்?" என்று கேளுங்கள்.

தட்டச்சு வேலை, கைப்பேசி வேலை

வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குவார்கள். முடித்துக் கொடுத்ததும், பிழைகள் மிகுதி என்று கூறி அபராதம் கேட்பார்கள்; வழக்கறிஞர் பெயரில் அச்சுறுத்தல் கடிதமும் வரும். அஞ்சிப் பணம் கட்டிவிடாதீர்கள். அக்கடிதத்தை நீங்கள் அறிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கைப்பேசியில் சில படங்களை விரும்பினால் ஊதியம் என்போர், முதலில் சில நூறு ரூபாயை உண்மையாகவே அனுப்புவார்கள். அது தூண்டிலில் கோத்த புழு. அடுத்து உங்களையே பணம் கட்டச் சொல்வார்கள்.

ஹலால் என்னும் போர்வை

நம்மவர்கள் குறிப்பாக எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடம் இது. வட்டியில்லா ஹலால் இலாபம் என்ற பெயரில் முஸ்லிம் குடும்பங்களின் பணத்தைத் திரட்டிய பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூன் மாதத்தில் சரிந்தபோது, பல்லாயிரம் குடும்பங்கள் தவித்தன. மார்க்கம் கூறும் முளாரபா கூட்டில், நட்டம் வந்தால் முதல் போட்டவரின் முதலும் குறையும். "நட்டமே இல்லை, மாதந்தோறும் இவ்வளவு உறுதி" என்று ஒருவர் கூறினால், அவர் ஹலால் என்ற சொல்லைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்றறிக. தாடியும் தொப்பியும் கணக்குப் புத்தகத்துக்கு ஈடாகா.

செய்ய வேண்டியவை

பதிவுச் சான்றிதழைக் காட்டினால் மயங்காதீர்கள். நிறுவனத்தைப் பதிவு செய்திருப்பது வேறு. பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற அனுமதி பெற்றிருப்பது வேறு. "இன்றே கடைசி நாள்" என்று அவசரப்படுத்தினால் விலகி நில்லுங்கள். நீங்களே சிறுதொழில் தொடங்கினால், மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமில்லை. அதற்கும் பணம் கேட்கும் இடைத்தரகர்கள் உண்டு, கவனம்!

ஏமாந்துவிட்டால், வெளிநாட்டில் உழைக்கும் கணவருக்குத் தெரிந்துவிடுமே என்று மறைக்காதீர்கள். அந்த மௌனமே மோசடிக்காரனுக்குப் பாதுகாப்பு. இணையவழிப் பண மோசடியாயின் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து அழைத்தால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. வைப்புத்தொகை மோசடியாயின் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுகுங்கள். தமிழகத்தின் 1997ஆம் ஆண்டு வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும்.

சிறுகச் சேர்ந்தாலும் நேர்வழியில் வருவதில்தான் பரக்கத் உண்டு. வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு ஹலாலான இரணத்தை நல்குவானாக! ஆமீன்.