கொல்லைப்புறத்து மீத்தேன்

மீத்தேன் என்ற சொல்லைத் தமிழ்நாட்டு டீக்கடை வரைக்கும் கொண்டுவந்தது மன்னார்குடி. நிலக்கரிப் படுகையிலிருந்து வாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் காவிரி டெல்டா எழுந்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தன் கடைசி நாட்களை அந்தப் போராட்டத்துக்குக் கொடுத்தார். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டமும் வந்தது. இதே மீத்தேன் இங்கே வருஷம் தவறாமல் ஆட்களைச் சாகடிப்பது வேறொரு இடத்தில்: வீட்டுக் கொல்லையில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில், ஓட்டலின் பின்பக்கத்தில், சிமென்ட் மூடி போட்ட செப்டிக் டேங்குக்குள். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களைப் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குகளில், 1993-க்குப் பிறகு அதிக மரணங்கள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. மற்ற மாநிலங்கள் ஒழுங்காகப் பதிவதில்லை என்று சமாதானம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கலாம்; செத்தவர்களுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள், அவ்வளவுதான் மீத்தேன். ஹைட்ரோகார்பன்களிலேயே எளிமையானது. நிறமில்லை, மணமில்லை. காற்றின் எடையில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல்தான். 1776-இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைச் சேகரித்து, அவை எரிவதைக் காட்டியவர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா. ஏரிச் சேற்றில் நடப்பதுதான் செப்டிக் டேங்கிலும் நடக்கிறது. காற்று புகாத இடத்தில் மலம் மட்கும்போது, ஆக்சிஜன் இருந்தால் பிழைக்காத நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. சாண எரிவாயுக் கலனில் நாம் விரும்பி நடத்துவதும் இதே வேலைதான். நம் குடலிலும் அந்த வகை நுண்ணுயிர்கள் உண்டு. பலருடைய மூச்சில் மீத்தேன் கலந்து வருகிறது, அதனால் யாரும் சாவதில்லை.

ஏனென்றால் மீத்தேன் விஷமல்ல. உடம்பு அதைக் கண்டுகொள்வதே இல்லை. அது செய்யும் கெடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதுதான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். மூடிய தொட்டியில் பாதி இடத்தை மீத்தேன் பிடித்துக்கொண்டால் ஆக்சிஜனும் பாதியாகிப் பத்துப் பதினொரு சதவீதத்துக்கு இறங்கிவிடும். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அந்த இடம் வேலைக்கு ஆகாது என்பது பாதுகாப்பு விதி. 16-ஐ ஒட்டி வரும்போது நிதானம் தப்பும், கை கால் சொன்னபடி கேட்காது. 10-க்கு வந்தால் மயக்கம். ஆறுக்கும் கீழே என்றால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பு நமக்கு வருவது, ரத்தத்தில் கரியமில வாயு சேர்வதால். ஆக்சிஜன் குறைவதை உடம்பு அத்தனை தெளிவாக உணர்வதில்லை. மீத்தேன் நிறைந்த காற்றில் நெஞ்சு வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஆள் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் சுருண்டு விழுவார். அங்கிருந்து நாலைந்து நிமிடத்தில் மூளை செல்கள் சாகத் தொடங்கும்.

தொட்டிக்குள் மீத்தேன் தனியாகவும் இருப்பதில்லை. கூடவே கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். பத்திரிகைகள் எழுதும் விஷவாயு இந்த இரண்டாவதுதான். அழுகிய முட்டை நாற்றம் இதனுடையது. இதில் ஒரு கொடுமை உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கை எட்டினால், மூக்கின் நுகரும் சக்தியையே இது மரத்துப்போகச் செய்துவிடும். ‘இப்போ நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்’ என்று மேலே நிற்பவர் சொல்லும் நேரம்தான் மிக மோசமான நேரமாக இருக்கக்கூடும். ஆயிரம் பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

மூடியைத் திறந்து அரை மணி நேரம் ஆறப்போட்டால் போதும் என்பதும் பொய் நம்பிக்கை. மீத்தேன் லேசானது, ஓரளவு மேலே போய்விடும். மற்ற இரண்டும் காற்றைவிடக் கனமானவை, அடியிலேயே தங்கும். அதைவிட முக்கியம், வாயுவில் பெரும்பகுதி கசடுக்குள் சிக்கிக் கிடக்கிறது. மண்வெட்டியோ காலோ பட்டுக் கசடு கலங்கும்போதுதான் மொத்தமாக வெளியே வரும். இறங்கும் முன் அளந்த அளவு, இறங்கிய பின் செல்லாது. நான்கு வாயுக்களை அளக்கும் கையடக்கக் கருவியை வேலை முடியும் வரை ஓட விட வேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்குவது எல்லாம் தற்கொலை. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். 15-க்கு மேல் இருந்தால் எரியாதே என்று நினைக்கலாம். மூடியைத் திறந்து வெளிக்காற்று கலக்கக் கலக்க, அளவு அந்த 15-ஐக் கடந்துதான் கீழே இறங்கியாக வேண்டும். பீடி, செல்போன் டார்ச், சாதாரண மின்மோட்டார் எதுவும் அந்த இடத்துக்கு ஆகாது.

கட்டட வேலை செய்கிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். புது டேங்க், இன்னும் ஒரு சொட்டுக் கழிவுகூட விழவில்லை, கான்கிரீட் மூடி போட்டாயிற்று, சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவர் உள்ளே இறங்குகிறார். திரும்பி வரவில்லை. ‘புதுசுதானே’ என்ற நினைப்பு எத்தனையோ மேஸ்திரிகளை ஏமாற்றியிருக்கிறது. வாரக்கணக்கில் மூடிக்கிடந்த தொட்டியில் தேங்கிய தண்ணீரும் ஊறி அழுகும் மரமும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். பாழடைந்த கிணற்றில் தூர் வாரப் போகிறவருக்கும் இதே கதி நேரலாம்.

ஒரு தொட்டியில் பெரும்பாலும் ஒருவர் மட்டும் சாவதில்லை. முதலில் இறங்கியவர் விழுந்ததும் அண்ணன் இறங்குவார், பிறகு லாரி டிரைவர், சில சமயம் வீட்டுக்காரரின் மகனே இறங்கிவிடுவார். பாசமும் பதற்றமும் சேர்ந்து உயிரை வாங்கும் இடம் அது. எனவே யாராவது விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள், யாரையும் இறங்க விடாதீர்கள். எல்லா மூடிகளையும் திறந்துவிட்டு, தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112, ஆம்புலன்ஸுக்கு 108 என்று உடனே கூப்பிடுங்கள். விழுந்தவர் இடுப்பில் ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்து இழுங்கள். வாயில் துண்டு கட்டுவதாலோ என்95 முகக்கவசத்தாலோ பயனில்லை. இல்லாத ஆக்சிஜனை எந்த வடிகட்டியும் உண்டாக்காது. முதுகில் காற்று உருளையோடு வரும் தீயணைப்பு வீரர் மட்டுமே உள்ளே போகலாம்.

மேலே கொண்டுவந்தவருக்கு மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு உங்களையும் பிடித்துக்கொள்ளும். மீத்தேனுக்கு மாற்று மருந்து கிடையாது, ஆக்சிஜன்தான் சிகிச்சை. எழுந்து உட்கார்ந்து ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்று சொல்கிறவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரும். கழிவு நீர் மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால் நிமோனியா வரும். பிழைத்தவர்களில் சிலருக்கு ஞாபக மறதி, நடையில் தள்ளாட்டம் என்று காலத்துக்கும் நிற்கும். அதனால் சிகிச்சைக் குறிப்பில் எங்கே, எப்படி நடந்தது என்பதை டாக்டர் எழுதும்படி கேளுங்கள். இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரி பேசும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் யாரையும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கக் கூடாது என்கிறது. நகராட்சி, கான்ட்ராக்டர், ஓட்டல் முதலாளி, தன் வீட்டு டேங்கைச் சுத்தம் செய்யக் கூப்பிட்ட சாதாரண வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் இது பொருந்தும். முதல் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஐந்தாண்டு, 5 லட்சம். ஜாமீன் கிடைக்காத குற்றம். ‘அவராகத்தான் இறங்கினார்’, ‘கூலி பேசித்தான் வந்தார்’ என்பதெல்லாம் இங்கே எடுபடாது. ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்து இறக்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. போதையில் உடம்பின் எச்சரிக்கைகளும் மங்கிவிடும். இதை உதவி என்று நினைப்பதைவிட வெட்கக்கேடு இல்லை.

உயிரிழந்தவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சம். குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குக் கல்வி என்று மறுவாழ்வும் அந்தத் தீர்ப்பில் உண்டு. இதெல்லாம் தானாக வீடு தேடி வராது. வீட்டுக்காரர் தரப்பிலிருந்து இரண்டொரு லட்சத்தோடு ஆள் வருவார், ‘கேஸ் வேண்டாமே’ என்று பேசுவார். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். அதன் எண் 15100. தள்ளிப்போட வேண்டாம், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்று இந்தச் சட்டமே கெடு வைத்திருக்கிறது.

ஆள் இறங்கும் தேவை எப்படி வருகிறது என்பதையும் வீட்டுக்காரர்கள் யோசிக்க வேண்டும். நிரம்பி வழியும் வரை பத்துப் பன்னிரண்டு வருஷம் டேங்கைத் திறக்காமல் விட்டால் அடியில் கசடு இறுகிவிடும், லாரியின் குழாய் உறிஞ்சாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது. 14420 என்ற எண்ணில் அழைத்துக் கழிவுநீர் அகற்றும் ஊர்தியைக் கேட்கலாம். யாரையாவது இறக்குவதைப் பார்த்தால் புகாரும் சொல்லலாம். லாரி வந்த பிறகு ‘அடியில் கெட்டியாக இருக்கிறது, ஆளை இறக்கிவிடலாமா?’ என்று கேட்டால், முடியாது என்று சொல்லுங்கள். மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். இன்னொரு நடைக்கான வாடகை கூடுதலாக ஆகும், கொடுத்துவிடுங்கள்.