ஒரு டார்ச் விளக்குக்கு எத்தனை அனுமதி?

மேலநீலிதநல்லூரில் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒளியைக் கொண்டு மோர்ஸ் சைகை அனுப்பும் விளையாட்டை நடத்த நினைத்தேன். விளக்கு குறித்த நேரத்தில் தானாக எரிந்து அணைய வேண்டும். அதற்காக இலவச டார்ச் செயலி ஒன்றை என் அலைபேசியில் நிறுவினேன். திறந்தவுடன் இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்டது.

அருகில் நின்ற மாணவி, “லைட்டு எரிய போன் நம்பரெல்லாம் எதுக்கு சார்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. விடை தேடி நானே ஒரு டார்ச் செயலி செய்து பார்த்தேன்.

பாலம் தேவை

ஹைப்ரிட் செயலி என்பது எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றால் எழுதிய இணையப் பக்கத்தை ஒரு செயலிக்குள் வைத்துத் தருவது. அந்தப் பக்கம் அலைபேசியின் விளக்கை நேரடியாகத் தொட முடியாது. இடையில் பாலமாக நிற்பது ‘பிளகின்’. பக்கத்தின் கட்டளையை ஆண்ட்ராய்டுக்குப் புரியும் கட்டளையாக அது மாற்றித் தருகிறது.

நான் பயன்படுத்தியது அப்பாச்சி கார்டோவா என்னும் இலவச மென்பொருள். செய்முறை இதுதான்:

1. புதிய திட்டம் தொடங்கி ஆண்ட்ராய்டு தளத்தைச் சேர்க்க வேண்டும்.
2. ஃபிளாஷ்லைட் பிளகினை இணைக்க வேண்டும்.
3. ‘டிவைஸ்ரெடி’ நிகழ்வு வந்த பிறகே கட்டளை தர வேண்டும். அதற்கு முன் பாலம் தயாராக இருக்காது.
4. அலைபேசியில் விளக்கு உண்டா என்று ‘அவைலபிள்’ மூலம் சோதித்து, ‘ஸ்விட்ச்ஆன்’, ‘ஸ்விட்ச்ஆஃப்’ கட்டளைகளைப் பொத்தான்களுடன் இணைக்க வேண்டும்.

மோர்ஸ் முறையில் கோடு, புள்ளியைப் போல மூன்று மடங்கு நீளம். எனவே புள்ளிக்கு 300 மில்லிநொடி, கோட்டுக்கு 900 மில்லிநொடி என வைத்தேன். மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி: உதவி கேட்கும் எஸ்.ஓ.எஸ். சைகை தயார்.

முதல் முயற்சியில் ஒன்றை மறந்தேன். செயலியை விட்டு வெளியே வந்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அலைபேசி சூடானது. ‘பாஸ்’ நிகழ்வில் விளக்கை அணைக்கும் கட்டளையைச் சேர்த்ததும் சரியானது.

மாணவிக்குக் கிடைத்த விடை

முன்பு கேமராவைத் திறந்துதான் விளக்கை எரிக்க முடியும். அதனால் கேமரா அனுமதி தேவைப்பட்டது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல் விளக்கை மட்டும் தனியே இயக்க வழி உண்டு. பழைய முறையில் எழுதிய செயலிகள் இன்றும் கேமரா அனுமதி கேட்கலாம். ஆனால் விளக்கை எரிக்க இருப்பிடமோ தொடர்பு எண்களோ எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை.

பிறகு ஏன் கேட்கிறார்கள்? 2013 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், கோடிக்கணக்கானோர் பதிவிறக்கிய ஒரு டார்ச் செயலி பயனர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதாகக் குற்றம் சாட்டி நடவடிக்கை எடுத்தது. நாம் இலவசம் என்று நினைப்பதற்கு வேறு வழியில் விலை கொடுக்கிறோம்.

இதை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள், வீட்டில் உள்ள அலைபேசிகளையும் பார்ப்பதாகச் சொன்னார்கள். நீங்களும் அமைப்புகள் பகுதியில் ‘அனுமதிகள்’ பக்கத்தை மாணவர்களுடன் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு செயலிக்கும் அந்த மாணவியின் கேள்வியையே கேளுங்கள்: இந்த வேலைக்கு இது எதற்கு?