நிலவளவு வெளிச்சம்

ராயகிரிக்கு மேற்கே தோப்புகளும் வயல்களும் முடியும் இடத்தில் மலை தொடங்கிவிடுகிறது. மும்முனை மின்சாரம் முறை வைத்து இரவில் வந்த காலத்தில், மோட்டார் போடவும் மடை மாற்றவும் நடுச்சாமத்தில் வரப்பில் இறங்கியவர்கள் கையில் ரெண்டு பேட்டரிக் கட்டை போட்ட லைட்டு இருந்தது. வசதியுள்ளவர்களிடம் மூணு கட்டை. அதன் சின்ன பல்பு தந்த மொத்த ஒளி 10 லூமென் சொச்சம். ஒரு மெழுகுவர்த்தி தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். குழியாடிதான் அதைக் கற்றையாக்கித் தூரம் அனுப்பியது.

இன்று விளக்கு ஆர்வலர்கள் இணையத்தில் வரவழைக்கும் கையடக்க லைட்டில் ஒரே ஒரு லித்தியம் பேட்டரி. பலவற்றில் அது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். வெளிச்சத்தை முழுவதும் ஏற்றினால் 1000 லூமெனைத் தாண்டும். ஆனால் இவர்கள் ஆவலாக விசாரிப்பது மறுமுனையை: எவ்வளவு குறைவாக எரியும்? 'மூன்லைட் மோடு' என்கிற அந்த நிலையில் ஒளி ஒரு லூமெனுக்கும் கீழே போகிறது. சில விளக்குகளில் நூறில் ஒரு லூமென்.

அன்றும் மங்கல் உண்டு, யாரும் கேட்டுப் பெற்றதில்லை. கட்டை தீரத் தீர வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு செம்மையேறும். மறுநாள் கட்டைகளைக் கழற்றி வெயிலில் வைத்து இன்னும் ஓரிரவு ஓட்டுவார்கள். இழை பல்பின் குணம் அப்படி. மின்னழுத்தம் பாதியானால் ஒளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அது இழுக்கும் மின்னோட்டமோ மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாது. மங்கலாக எரித்து மிச்சம் பிடிக்க அதில் வழியே இல்லை.

எல்.இ.டி. இந்தக் கணக்கை மாற்றியது. 1990களில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவாகி, அதிலிருந்து வெள்ளை ஒளி பிறந்தது. அதை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இதில் மின்னோட்டத்தைக் குறைத்தால் ஒளியும் பெரும்பாலும் அதே அளவில் குறைகிறது, செம்மை ஏறுவதில்லை. மூன்லைட் நிலையில் ஒருமுறை ஏற்றிய பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும்.

உண்மையில் இந்த வசதி அரிக்கேன் விளக்கில் இருந்ததுதான். பிள்ளைகள் தூங்கியதும் திருகைத் திருப்பித் திரியை இறக்கிவிடுவார்கள். இரவு முழுக்க ஒரு பொட்டு வெளிச்சம். பேட்டரி லைட்டு வந்தபோது புகையும் மண்ணெண்ணெய் வாடையும் போயின, திருகும் போய்விட்டது.

இன்னொன்றும் போனது. கட்டை விலைக்குப் பயந்து அந்த மனிதர்கள் லைட்டை அணைத்துவிட்டே நடந்தார்கள். சலசலப்பு கேட்டால் மட்டும் அடித்துப் பார்ப்பார்கள். விழித்திரையின் கூம்பு செல்கள் பத்து நிமிடத்தில் இருட்டுக்குப் பழகிவிடும்; மங்கலில் பார்க்க உதவும் கோல் செல்களுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டும். அந்தச் சிக்கனம் அவர்களுக்கு அந்த நேரத்தைத் தந்தது, நட்சத்திர வெளிச்சத்தில் வரப்பு தெரிந்தது. இன்று போன் லைட்டை ஒருமுறை நேராகப் பார்த்தாலே அத்தனையும் கலைந்துவிடுகிறது.

அதற்காகப் பழையதே நல்லது என்று சொல்ல மாட்டேன். காய்ந்த சருகோடு சருகாகக் கிடக்கும் கண்ணாடி விரியனை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிற வெளிச்சம் உயிர் காக்கிற வெளிச்சம். காட்டுப்பன்றியும் யானையும் இறங்கும் அடிவாரத்தில் அது இன்னும் அவசியம். மூன்லைட்டை நம்பி வரப்பில் நடக்கக் கூடாது. அது மோட்டார் அறையில் ஸ்டார்ட்டரைப் பார்க்க, கரண்ட் போன இரவில் கைக்குழந்தையை எழுப்பாமல் தண்ணீர் எடுக்க.

நல்ல விளக்குகளில், அணைந்திருக்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்தால் இந்தக் குறைந்த ஒளியே முதலில் வருகிறது. மலிவான மூன்று நிலை லைட்டுகள் பலவற்றில் முதல் அழுத்தத்துக்கு முழு ஒளி வந்துவிடும். மங்கலைத் தேடி அடுத்தடுத்து அழுத்துவதற்குள் கண் கூசிவிடும். அந்த வரிசையை மட்டும் திருப்பிப்போட்டாலே பாதிக் குறை தீரும். அதற்குப் புதிதாக ஒரு பாகமும் தேவையில்லை.