நூறு ரூபாய் சீட்டில் கடலுக்குப் போனோம்!

குடும்பச் சுற்றுலா என்றால் ஊட்டி, கொடைக்கானல், ரூம் வாடகை, ஆயிரக்கணக்கில் செலவு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவோம். அப்படியே போனாலும் பெண்களுக்கு அது லீவு கிடையாது. போகிற இடத்திலும் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, "காபி ரெடியா?" என்ற குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்போம்.

எங்கள் வாலாஜாபேட்டையிலிருந்து மகாபலிபுரம் கடல் 120 கிலோமீட்டருக்குள்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கடலோர ராயபுரத்திலிருந்து எங்கள் வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது. ரயில் வந்து 160 வருஷத்துக்கு மேல் ஆகியும், எங்கள் தெருவில் கடலையே பார்க்காத பெண்கள் இருந்தார்கள். கோடி வீட்டு அத்தைக்கு அறுபத்திரண்டு வயசு. "டி.வி.யில பாத்தாச்சும்மா, போதும்" என்பார்.

அவருக்காகத்தான் சீட்டு ஆரம்பித்தோம். பதினோரு பெண்கள், மாதம் ஆளுக்கு 100 ரூபாய், பத்து மாதம். ஏலம் கிடையாது, நடுவில் யாரும் எடுக்கவும் கூடாது. எங்களில் நாலு பேர் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் வீடு. அவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. அந்த ஞாயிறும் துணி துவைக்கவே சரியாகிவிடும்.

பத்தாவது மாதம் 11,000 ரூபாய் சேர்ந்தது. அப்போதுதான் வீடுகளில் பேச்சு கிளம்பியது. "பொம்பளைங்க மட்டும் கடலுக்கா?" என்றார் ஒருவர். "எங்களுக்கு யார் சமைப்பாங்க?" என்றார் இன்னொருவர். இந்த இரண்டாவது கேள்விதான் நிஜமான கேள்வி! எதிர்வீட்டு பாபி, "ஒரு நாள் ஓட்டல்ல சாப்பிட்டா யாரும் எளைச்சுப் போக மாட்டாங்க" என்று ஒரே போடாகப் போட்டார். அதோடு சரி.

தை மாதம், காணும் பொங்கல் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை நாலரைக்கு வேன் புறப்பட்டது. பதினோரு பெண்கள், ஐந்து குழந்தைகள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஏழரைக்கெல்லாம் மகாபலிபுரம் போய்விட்டோம். அந்த நேரத்தில் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், ஆளுக்கு 40 ரூபாய். பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. அர்ச்சுனன் தபசைத் தெருவில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை கோயிலைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடல் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "இவ்ளோ தண்ணி வச்சிக்கினு நம்ம ஊருக்குக் கொஞ்சம் அனுப்பக் கூடாதா?" என்றார் பாருங்கள்!

சாப்பாடு எல்லாம் வீட்டிலிருந்துதான். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுப் பிசைந்தால் மதியம் வரை புளிக்காது. பிரியாணி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது, "ஆறிப்போன பிரியாணி எனக்கே புடிக்காது" என்று பாபியே தடுத்துவிட்டார்.

கடலில் இறங்குவது பற்றிக் கிளம்பும்போதே பேசி முடிவு செய்திருந்தோம். முட்டி அளவுக்கு மேல் யாரும் போகக் கூடாது, பிள்ளைகளைக் கை விடக் கூடாது. மகாபலிபுரம் அலை பார்க்க அழகு, ஆனால் உள்ளே இழுக்கும். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் எழுந்திருப்பதே கஷ்டம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் நாத்தனார் மகள், அங்கே காவலர்கள் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி நட்டு வைப்பார்கள், இரண்டு கொடிக்கும் நடுவில்தான் குளிக்கச் சொல்வார்கள் என்றாள். தண்ணீர் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, கரையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும் என்றும் சொன்னாள். அங்கே கடற்கரைப் பூங்காக்களில் காசில்லாமலே சமைத்துச் சாப்பிட அடுப்பு இருக்குமாம். நமக்கு அடுப்பே வேண்டாம் தாயே என்று சிரித்தோம்!

கழிப்பறை விஷயத்தை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே வீண். நம்மில் பாதிப் பேர் வெளியூர் என்றால் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறோம். வேன் டிரைவரிடம் முதலிலேயே சொல்லி, போகும்போதும் வரும்போதும் சுத்தமான பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்த வைத்தோம். வழியெல்லாம் எல்லோரும் வயிறாரத் தண்ணீர் குடித்தோம். கடலில் நனைந்த பிறகு மாற்றுத் துணி உடுத்த இடம் வேண்டும் என்பவர்கள் கோவளத்துக்குப் போகலாம். 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. உடை மாற்றும் அறை, கழிப்பறை எல்லாம் உண்டு.

மதியத்துக்கு மேல் கல்பாக்கம் பக்கத்தில் இருக்கும் சதுரங்கப்பட்டினம் போனோம். டச்சுக்காரர்களின் பழைய செங்கல் கோட்டை. உள்ளே போகக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. கூட்டமே இல்லாமல் அமைதியாக இருந்தது. பூவேலை செதுக்கிய கல்லறைகளைப் பிள்ளைகள் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் இங்கே நெய்த மெல்லிய மஸ்லின் துணி கப்பலேறிப் போனது என்றதும், தறி வீட்டில் பிறந்த எங்கள் கோஷ்டி அக்கா, "அப்ப நம்ம சொந்தக்காரங்கதான்" என்றார்.

அங்கிருந்து கொஞ்சம் தெற்கே வாயலூர். எங்கள் பாலாறு கடலில் சேருவது அங்கேதான்! கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று தோல் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்துகொண்டு எங்கள் ஊரைத் தாண்டி வருகிற ஆறு. பெரும்பாலும் மணலாகத்தான் அதைப் பார்த்திருக்கிறோம். 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியபோது பயந்துகொண்டே வேடிக்கை பார்த்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்துக்கு முன்னால் வேனை ஓரமாக நிறுத்தி, அது அகலமாக விரிந்து கடலைப் பார்த்துப் போவதைப் பார்த்தோம். பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. ஷூ கம்பெனித் தங்கச்சி ஒருத்தி மட்டும், "இவ்ளோ தூரம் வருதாக்கா இது?" என்றாள்.

இரவு எட்டரைக்கு வீடு. கணக்கு இதோ: வேன் டீசலோடு 8,000 ரூபாய், டிரைவர் பேட்டா 500, டிக்கெட் 440, பார்க்கிங் 150, டீ, இளநீர், தண்ணீர் கேன், சுண்டல் எல்லாம் சேர்த்து 860. மொத்தம் 9,950 ரூபாய். வேனுக்கு ஆள் சேராவிட்டால், காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போய் பஸ் மாறிப் போனால் இன்னும் குறையும்.

மீதி 1,050 ரூபாய் பாபியிடம் இருக்கிறது. அடுத்த சீட்டு ஆரம்பமாகிவிட்டது, இந்த முறை பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போக வேண்டும் என்று அத்தைதான் முதல் ஆளாக நூறு ரூபாயை நீட்டினார்.

- ஒரு வாசகி, வாலாஜாபேட்டை.