"ஒண்ணும் இல்ல, டென்ஷன் ஆகாதே" என்று சொல்வது உதவுமா? பதற்றத்தில் தவிப்பவருக்குத் துணை நிற்பது எப்படி?

இரவு 11 மணிக்கு நண்பரிடமிருந்து போன். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கையெல்லாம் நடுங்குது, எனக்கு ஏதோ ஆயிடும்போல இருக்குடா" என்கிறார். நம்மில் பலர் உடனே சொல்வது, "ஒண்ணும் இல்ல, டென்ஷன் ஆகாதே" என்பதுதான்.

நல்ல எண்ணத்தில் சொல்கிறோம். ஆனால், கேட்பவருக்கு "என் கஷ்டம் இவனுக்குப் புரியல" என்றுதான் தோன்றும். அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்?

பதற்றம் எப்போது நோயாகிறது?

பரீட்சை, இன்டர்வியூ, ஆபரேஷன் என்றால் யாருக்கும் பதற்றம் வரும். அது முடிந்ததும் போய்விடும். ஆனால், காரணம் பெரிதாக இல்லாமலே மாதக்கணக்கில் கவலை தொடர்வது, தூக்கம் கெடுவது, வேலைக்கோ வெளியிலோ போகத் தயங்குவது என்று அன்றாட வாழ்க்கையே பாதிக்கப்பட்டால், அது பதற்றக் கோளாறாக இருக்கலாம். இது கோழைத்தனம் அல்ல, சிகிச்சை உள்ள நோய். தைராய்டு பிரச்சனை, அதிகப்படியான காபி போன்றவையும் இதே மாதிரி படபடப்பைத் தரும் என்பதால் டாக்டரிடம் காட்டி உறுதிசெய்துகொள்வது அவசியம்.

பேனிக் அட்டாக் வந்தால் உடனே என்ன செய்யலாம்?

திடீரென உச்சத்துக்குப் போகும் பயத்தைத்தான் பேனிக் அட்டாக் என்கிறோம். பெரும்பாலும் சுமார் 10 நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தணியும்.

* முதலில் நீங்கள் பதறாதீர்கள். "நான் இங்கேயேதான் இருக்கேன், இது கொஞ்ச நேரத்துல குறைஞ்சிடும்" என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

* மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். சினிமாவில் வருவது போல பேப்பர் பைக்குள் மூச்சுவிடச் சொல்ல வேண்டாம்.

* கண்ணில் படும் 5 பொருட்களைச் சொல்லச் சொல்லலாம். கவனம் உடம்பிலிருந்து வெளியே திரும்பும்.

* கூட்டம் சேர்க்காதீர்கள். தொடுவதற்கு முன்பு "கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேளுங்கள்.

எச்சரிக்கை: மாரடைப்புக்கும் இதே போன்ற அறிகுறிகள் வரலாம். முதல்முறையாக நெஞ்சுவலி வந்தாலோ, வலி கை, தாடை, முதுகுக்குப் பரவினாலோ, மயக்கம் வந்தாலோ "பதற்றம்தான்" என்று நீங்களே முடிவு செய்யாமல் 108-ஐ அழையுங்கள்.

உதவி என்று நினைத்து நாம் செய்யும் தவறு

பஸ்ஸில் போகப் பயம் என்றால் நாமே தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுகிறோம். போனில் பேசப் பயம் என்றால் அவருக்குப் பதில் நாமே பேசிவிடுகிறோம். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று ஒரு நாளைக்கு பத்து முறை கேட்டால் பத்து முறையும் "ஆகாது" என்கிறோம்.

அந்த நேரத்துக்கு நிம்மதிதான். ஆனால், "என்னால இதைத் தனியா செய்ய முடியாது" என்ற எண்ணம் அவர் மனதில் இன்னும் ஆழமாகப் பதிகிறது. பயந்து ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும்.

அதற்காக ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. பஸ்ஸில் முதலில் இரண்டு ஸ்டாப் கூடவே போங்கள். அடுத்த வாரம் நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள். பிறகு அவர் மட்டும் போகட்டும், இறங்குகிற ஸ்டாப்பில் நீங்கள் நில்லுங்கள். எந்தப் படி, எப்போது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவருக்குப் பதிலாகச் செய்யாமல் அவரோடு சேர்ந்து செய்வதுதான் துணை.

எப்படிப் பேசலாம்?

"எல்லாம் உன் மனசுலதான் இருக்கு", "உன்னைவிட கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க" போன்ற பேச்சுகளைத் தவிர்க்கவும். "கேக்கவே கஷ்டமா இருக்கு, இப்ப நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?" என்று கேளுங்கள். சில நேரம் பதிலே சொல்லாமல் காது கொடுத்துக் கேட்டாலே போதும். அவர் சொன்னதை மற்ற சொந்தக்காரர்களிடம் பரப்பாதீர்கள்.

டாக்டரிடம் எப்போது?

தூக்கம், சாப்பாடு, வேலை பாதிக்கப்பட்டால் தாமதிக்க வேண்டாம். பேச்சு வழி சிகிச்சை, மருந்து இரண்டுமே பலன் தரும். மருந்து முழுமையாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பாதியில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாரோ சாப்பிடும் தூக்க மாத்திரையைக் கொடுப்பது ஆபத்து. தயங்குபவரிடம் "நானும் கூட வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், பாதி தயக்கம் குறையும்.

மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். "வாழவே பிடிக்கல" என்று சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியாக விடாமல் உடனே உதவியை நாடுங்கள்.

உங்களையும் கவனியுங்கள்

துணை நிற்பவரும் களைத்துப்போவார். ராத்திரி எல்லா போனையும் நீங்கள் ஒருவரே எடுக்க வேண்டியதில்லை. வீட்டில் இன்னொருவரோடு பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் டாக்டர் ஆக வேண்டாம், பக்கத்தில் இருக்கும் மனுஷராக இருந்தால் போதும்.