பேரேடும் இலக்கமும்: போருக்குச் சென்ற மோட்டார் சைக்கிள்களின் தடம்

அரசுக்கு நெருக்கடி நேருங்கால் குடிமக்களின் உடைமை பொதுத் தேவைக்கெனச் சுவீகரிக்கப்படுதல் பல நாடுகளிலும் காணப்படும் வழக்காகும். நிலமும் வீடும் எடுக்கப்படின் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். உறுதியும் எல்லைக்கல்லும் அவற்றுக்குச் சான்று பகரும். ஊர்தியின் நிலை அத்தகையதன்று. அது இடம் பெயரும், நிறம் மாறும், கைமாறும். அங்ஙனம் மாறிய ஒன்றின் பூர்வீகத்தை நிறுவ வழியுண்டோ எனின், உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரித்தானியாவின் மோட்டார் சைக்கிள் வரலாறு அவ்வழியைத் தெளிவுறக் காட்டுகின்றது.

1939 செப்ரெம்பர் 3ஆம் நாள் போர் அறிவிக்கப்பட்டபோது பிரித்தானியப் படையிடம் போதிய ஊர்திகள் இருக்கவில்லை. எனவே குடிமக்களின் மோட்டார் சைக்கிள்களும், விற்பனை முகவரிடத்தும் தொழிற்சாலைகளிலும் விலைபோகாதிருந்தனவும் நட்டஈட்டுடன் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1940இல் டன்கேர்க்கிலிருந்து பின்வாங்கிய படை, பிரான்சிலே சுமார் 64,000 வாகனங்களையும் 20,000க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களையும் கைவிட்டமையால் தட்டுப்பாடு மேலும் கடுமையாயிற்று.

இவற்றின் தடத்தை அறிதற்கு முதற் கருவி தொழிற்சாலையின் அனுப்புகைப் பேரேடு ஆகும். ஒவ்வொரு வண்டியும் வாயிலைக் கடக்குமுன் அதன் சட்டக இலக்கம், எஞ்சின் இலக்கம், வகை, அனுப்பிய நாள், பெறுநர் ஆகியவை அதிற் பதியப்படும். படைக்கெனவே ஆக்கப்பட்ட பி.எஸ்.ஏ. எம்20, நோட்டன் 16எச் போன்றவை ஒப்பந்த அடிப்படையில் வரிசையான இலக்கங்களுடன் தொகுதி தொகுதியாகச் சென்றன. குடிமக்களுக்கென ஆக்கப்பட்ட வண்டியோ ஏதேனும் ஓர் ஊரின் முகவர் பெயரில் தனியே பதிவாகியிருக்கும். ஆகவே, பழைய வண்டியொன்றின் மேற்பூச்சைச் சுரண்டும்போது படைநிறம் வெளிப்பட்டு, பேரேட்டிலே போருக்கு முந்திய நாளும் முகவர் பெயரும் காணப்படின், அது சுவீகரிக்கப்பட்டதாதல் கூடும் என ஊகிக்கலாம்.

ஊகம் உறுதியாதற்கு வேறு சான்றுகளும் இயைதல் வேண்டும். அக்காலத்தில் கவுண்டி மன்றங்கள் பேணிய பதிவேடு உரிமையாளரைக் காட்டும். படை தன் மோட்டார் சைக்கிள்களுக்கு இட்ட இலக்கம் ‘சி’ என்னும் எழுத்துடன் தொடங்கும். போரின் பின்னர் மிகையானவை விற்கப்பட்டபோது அவை புதிய பதிவிலக்கம் பெறுதலும் உண்டு. இத்துணை மாற்றங்களுக்கும் ஊடே இழைபோல ஓடுவது சட்டக இலக்கமேயாம். எஞ்சின் இலக்கத்தை மட்டும் நம்புதல் தகாது. படைப் பட்டறைகளில் ஒரு வண்டியின் எஞ்சின் மற்றொன்றிற் பொருத்தப்படுதல் இயல்பாக இருந்தது.

பேரேடுகளும் அழியாதவை அல்ல. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு கொவென்றி நகர்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் றிரயம்ப் தொழிற்சாலை பாழாயிற்று. 1942இல் மெறிடனில் அது புதிதாக எழுந்தது. எஞ்சிய ஏடுகளைப் பேணுதலில், 1946இல் தொடங்கப்பெற்ற பிரித்தானியப் பழைய மோட்டார் சைக்கிள் கழகம் பெரும்பங்கு ஆற்றியுள்ளது.

இச்செய்தி வன்னி மக்களுக்கும் அயலானதன்று. வவுனியாவில் அப்போரின்போது பிரித்தானிய வான்படைத் தளம் இருந்தது. அங்கிருந்து வடக்கே செல்லும் ஏ9 வீதியில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே கனகராயன்குளம் அமைந்துள்ளது. பிற்காலத்தில் உள்நாட்டுப் போர் அவ்வூரையும் பெயர்த்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, ஈற்றில் ஊர்திகளையும் ஆவணங்களையும் ஒருங்கே இழந்தனர். மோட்டார் சைக்கிள் அங்கே செல்வப் பொருளன்று. நெல்மூடையையும் நோயாளியையும் பிள்ளைகளையும் சுமந்த குடும்பத் துணையாகும்.

அத்தகைய இழப்பின்பின், ‘இது என்னுடையது’ என்னும் வாய்மொழிக்கு வலுவூட்டுவது எது? இரும்பில் பொறித்த இலக்கமும், அதனோடு இயையும் தொலைவிலுள்ள ஓர் ஏடுமே. வீட்டிலிருந்த பதிவுப் புத்தகம் எரியினும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவேட்டிலுள்ள இலக்கம் வீட்டோடு எரிவதில்லை. சான்று ஓரிடத்தில் மட்டும் இருத்தல் ஆகாது என்பதே இவ்வரலாற்றின் பாடமாகும். வண்டியின் இரு இலக்கங்களையும் எழுதி, அயலூரிலுள்ள உறவினர் ஒருவரிடம் கொடுத்துவைத்தல் சிறு செயலே. எனினும் உடைமையையும் உரிமையையும் இணைக்கும் கயிறு சில வேளை அத்துணை மெல்லியதாகவே இருக்கின்றது.